லண்டன் பிளாட்டில் வாசல் கதவை மாத்தப் போறீங்களா? பழைய கதவைக் கழற்றும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் பிளாட் வாங்கும் நம்மவர்கள் சாவி கைக்கு வந்ததும் போடும் பட்டியலில் வாசல் கதவுக்கு நிச்சயம் ஓர் இடம் இருக்கும். பழைய கதவு சாயம் போயிருக்கும். கைப்பிடி ஆடும். கையை விட்டால் 'டமார்' என்று தானாகச் சாத்திக்கொள்ளும். கடையில் நல்ல கதவாகப் பார்த்து, தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை ஒரே நாளில் மாட்டிவிடலாம் என்றுதான் தோன்றும்.

இங்கதான் சிக்கல். இங்கிலாந்தில் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கும் பிளாட்டின் வாசல் கதவு, சட்டப்படி தீ பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதி. உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரரும் மேல்மாடிக்காரரும் இறங்கி ஓடும் வழியைக் காப்பாற்றுவது அந்தக் கதவுதான். அதனால் அதை மாற்றுவது உங்கள் இஷ்டத்துக்கு மட்டும் விட்ட விஷயம் கிடையாது. தப்பான கதவை மாட்டினால் கழற்றச் சொல்வார்கள், மறுபடி சரியான கதவை வாங்கி மாட்ட வேண்டும், இரண்டு செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

ஒரு கதவுக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

2017 ஜூன் 14. மேற்கு லண்டனின் நார்த் கென்சிங்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர். நான்காவது மாடியில் 16-ம் எண் பிளாட்டின் சமையலறையில், ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் தீப்பிடித்தது. நள்ளிரவு 12.54-க்கு தீயணைப்புத் துறைக்கு முதல் அழைப்பு போனது. கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த, எளிதில் எரியக்கூடிய தகடுகள் வழியாகத் தீ மேலே ஏறியது. 72 பேர் உயிரிழந்தார்கள்.

தீ அத்தனை வேகமாகப் பரவ முக்கியக் காரணம் வெளிச்சுவர் தகடுகள். அது உலகத்துக்கே தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம், உள்ளே புகை பரவிய விதம். அந்தக் கட்டடத்தில் இருந்ததே ஒரே ஒரு படிக்கட்டு. மேல்மாடிகளில் இருந்தவர்கள் தப்பிக்க அதை விட்டால் வேறு வழி இல்லை. வீட்டை விட்டு ஓடியவர்களின் வாசல் கதவுகள் பல, அவர்களுக்குப் பின்னால் தானாக மூடிக்கொள்ளவில்லை. கதவைத் தானாக மூடவைக்கும் கருவி, அதாவது 'டோர் க்ளோசர்', சில வீடுகளில் உடைந்திருந்தது, சில வீடுகளில் கழற்றப்பட்டிருந்தது. திறந்து கிடந்த கதவுகள் வழியே புகை வெளியே வந்து, லிஃப்ட் முன்னால் இருக்கும் இடத்தையும் படிக்கட்டையும் நிரப்பியது.

கதவுகளின் தரமும் கேள்விக்குள்ளானது. அங்கிருந்து எடுத்துச் சோதிக்கப்பட்ட ஒரு கதவு, 30 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டியது, சுமார் 15 நிமிடத்திலேயே தோற்றுப்போனதாக 2018 மார்ச்சில் தெரியவந்தது. அது கண்ணாடியும் பிளாஸ்டிக் கலவையும் சேர்ந்த 'காம்போசிட்' வகைக் கதவு. அதன் பிறகு அரசு பல நிறுவனங்களின் கதவுகளைச் சோதித்தது. காம்போசிட் கதவுகளில் பல தோற்றன. சோதிக்கப்பட்ட மரக் கதவுகள் தேறின. பார்க்க புதுசாக, பளபளப்பாக இருப்பது வேறு, தீயைத் தாங்குவது வேறு என்பதை ஊரே பார்த்தது அப்போதுதான்.

அந்த 30 நிமிடம் எதற்கு?

இங்கிலாந்தில் உயரமான குடியிருப்புகள் ஒரு கணக்கை வைத்துக் கட்டப்படுகின்றன. ஒவ்வொரு பிளாட்டும் ஒரு பெட்டி மாதிரி. சுவர், தரை, கூரை எல்லாம் தீயைக் குறிப்பிட்ட நேரத்துக்கு உள்ளேயே அடக்கி வைக்கும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த வீட்டுக்காரர் வெளியேற வேண்டும், மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். தீயணைப்பு வீரர்கள் வந்து அந்த ஒரு பெட்டிக்குள் தீயை அணைத்துவிடுவார்கள். 'இருக்கும் இடத்திலேயே இருங்கள்' என்ற அறிவுரை இந்தக் கணக்கை நம்பித்தான் சொல்லப்படுகிறது.

அந்தப் பெட்டியில் தினமும் திறந்து மூடும் ஒரே பெரிய ஓட்டை வாசல் கதவு. அது சரியாக மூடவில்லை என்றால் சுவர் எவ்வளவு கெட்டியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் பிளாட் வாசல் கதவுக்கு 'எஃப்டி30எஸ்' என்ற தரம் கேட்கிறார்கள். முதல் இரண்டு எழுத்து தீ தடுப்புக் கதவைக் குறிக்கும். 30 என்பது நிமிடம். கடைசியில் வரும் 'எஸ்' புகைக்கு. பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசி எழுத்தில்தான். தீ வந்து சேரும் முன்னாடியே புகை வந்துவிடும். ஆளை மயக்கிக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான்.

ஒரு நல்ல தீ தடுப்புக் கதவின் ஓரத்தை, அல்லது நிலையின் உள்பக்கத்தை, விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பட்டை ஓடுவது தெரியும். சூடு ஏறினால் இந்தப் பட்டை ஊதிப் பெருத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்துவிடும். அதோடு பிரஷ் மாதிரியோ ரப்பர் மாதிரியோ இன்னொரு பட்டை இருக்கும். அது புகைக்கானது. சூடு ஏறாத ஆரம்பக் கட்டத்திலேயே புகை கசியாமல் தடுக்கும். வீட்டுக்கு பெயின்ட் அடிக்கும்போது இந்த பிரஷ் பட்டை மேலேயும் சேர்த்துப் பூசிவிட்டால் அது விறைத்துப்போய் வேலை செய்யாது. இது அடிக்கடி நடக்கிற கூத்து.

கதவுக்கும் நிலைக்கும் இடையே இடைவெளி பக்கங்களிலும் மேலேயும் பொதுவாக 2 முதல் 4 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கீல் மூன்று இருப்பது வழக்கம். கீல், பூட்டு, லெட்டர் பாக்ஸ் ஓட்டை, வெளியே யார் என்று பார்க்கும் லென்ஸ், கண்ணாடி என்று கதவில் ஏறும் ஒவ்வொன்றும் அந்தக் கதவோடு சேர்த்துத் தீச்சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். கதவு நல்ல கதவுதான், ஆனா அதில் ஆன்லைனில் வாங்கிய ஸ்மார்ட் லாக்கை மாட்ட ஒரு பெரிய துளை போட்டாயிற்று என்றால், அந்த 30 நிமிடத்துக்கு உத்தரவாதம் போச்சு. பூனை போய்வர கதவில் சின்னக் கதவு வெட்டுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 2005-ல் வந்த தீ பாதுகாப்பு உத்தரவு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பகுதிகளுக்குப் பொருந்தும். பிளாட்டின் வாசல் கதவு பொதுப் பகுதியா, சொந்தப் பகுதியா என்பதில் ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. 2021 தீ பாதுகாப்புச் சட்டம் அதைத் தீர்த்துவைத்தது. கட்டடத்தின் அமைப்பு, வெளிச்சுவர் இவற்றோடு, பொது வழியைப் பார்த்துத் திறக்கும் வாசல் கதவும் உத்தரவுக்குள் வரும் என்று தெளிவாகச் சொன்னது. 2022 மே மாதம் இது நடைமுறைக்கு வந்தது.

அடுத்து, 2023 ஜனவரி 23 முதல் புதிய விதிமுறைகள் அமலானது. 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கட்டடங்களில், அதாவது பொதுவாக நாலு மாடிக்கு மேல் உள்ளவற்றில், பொதுப் பகுதியின் தீ தடுப்புக் கதவுகளை மூணு மாசத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பிளாட் வாசல் கதவுகளை வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்க முடிந்த எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும். யாராவது கதவைத் திறக்கவே இல்லை என்றால், என்னென்ன முயற்சி எடுத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும்.

கிரென்ஃபெல் விசாரணைக் குழு 2019 அக்டோபர் அறிக்கையில், எல்லாத் தீ தடுப்புக் கதவுகளின் க்ளோசரையும் மூணு மாசத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தது. அரசு பிளாட் கதவுகளுக்கு அதை வருஷத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி உள்ளே போய்ப் பார்க்க ஆகும் சிரமத்தை நினைத்தால் காரணம் புரிகிறது. ஆனா ஒரு க்ளோசர் கெட்டுப்போக ஒரு வருஷம் தேவையில்லை.

இதற்கெல்லாம் பொறுப்பு யார்? சட்டம் 'பொறுப்பாளர்' என்று ஒருவரை வைக்கிறது. பெரும்பாலும் கட்டடத்தின் ஃப்ரீஹோல்டர், அல்லது நிர்வாகக் கம்பெனி. கவுன்சில் கட்டடம் என்றால் கவுன்சில். சின்னக் கட்டடங்களில் குடியிருப்பவர்களே சேர்ந்து ஃப்ரீஹோல்டை வாங்கி ஒரு கம்பெனியாக வைத்திருப்பார்கள். அப்போது அந்தக் கம்பெனிதான் பொறுப்பாளர். 'கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும், நீங்க இருங்கண்ணே' என்று கேட்டதால் டைரக்டர் ஆனவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கடுமையான மீறலுக்கு வரம்பில்லாத அபராதமும், இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்க சட்டத்தில் இடம் உண்டு.

பழைய பெரிய வீட்டை இரண்டாகப் பிரித்து, ஒரே நுழைவாயிலும் ஒரே படிக்கட்டும் வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிளாட் ஆக்கியிருப்பார்கள். லண்டனில் இது சகஜம். அங்கேயும் தீ பாதுகாப்பு உத்தரவு பொருந்தும். வருஷாந்திர கதவுச் சோதனை என்ற கட்டாயம்தான் 11 மீட்டருக்கு மேல். கதவு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்ற கடமைக்கு உயரக் கணக்கு கிடையாது. உங்கள் கதவு பொது வழிக்குத் திறக்காமல் நேரே தெருவுக்குத் திறக்கிறது என்றால் கதை வேறு.

கதவு யாருடையது?

இதுதான் பெரும்பாலான சண்டைகளுக்கு ஆரம்பம். 'காசு கொடுத்து வாங்கின வீடு, வாசக்கதவு என்னோடது இல்லாம யாரோடது?' என்று கேட்பது இயல்பு. பதில் உங்கள் லீஸ் பத்திரத்தில் இருக்கிறது. சில லீஸ்களில் கதவு உங்களுக்குச் சொந்தம். சிலவற்றில் கதவும் நிலையும் கட்டட உரிமையாளருடையது. இன்னும் சிலவற்றில் உள்பக்கப் பூச்சு மட்டும் உங்களுடையது. கதவு உங்களுக்கே சொந்தம் என்றாலும், மாற்றம் செய்ய எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும் என்ற நிபந்தனை லீஸில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பின்னால் ஒரு சுவையான சமூக வரலாறும் இருக்கிறது. மார்கரெட் தாட்சர் ஆட்சியில் 1980-ல் வந்த சட்டம், கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதையே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. வாங்கியவர்கள் பலர் முதலில் செய்த வேலை வாசல் கதவை மாற்றியது. வரிசையாக ஒரே நிறத்தில் நிற்கும் கவுன்சில் கதவுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால், 'இது சொந்த வீடு' என்று ஊருக்குத் தெரியும். நம்ம ஊரில் புது வீட்டு நிலைக்குப் பூஜை போடுகிற பெருமை மாதிரிதான். அப்படி மாட்டிய பிவிசி கதவுகளில் பல, தீயைத் தாங்கும் தரத்தில் இல்லாதவை. இன்றைக்கும் பழைய கவுன்சில் கட்டடங்களில் தீ ஆபத்து மதிப்பீடு செய்ய வருபவர்கள் எழுதிக்கொண்டு போகும் குறைகளில் இது வழக்கமான ஒன்று. இப்போது அந்த பிளாட்டை வாங்கியவர் நீங்கள் என்றால், முப்பது வருஷத்துக்கு முன் யாரோ மாட்டிய கதவுக்கு உங்களுக்குக் கடிதம் வரும்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும். எப்படி?

முதலில் லீஸைப் பாருங்கள். பிறகு ஃப்ரீஹோல்டருக்கோ நிர்வாக ஏஜென்ட்டுக்கோ எழுதிக் கேளுங்கள். ஃபோனில் 'சரி, மாத்திக்கோங்க' என்று சொன்னது பிறகு உதவாது. உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமும் அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள். 18 மீட்டர் அல்லது ஏழு மாடி, அதற்கு மேல் உள்ள கட்டடம் என்றால் கவுன்சில் போதாது. அவை 'அதிக ஆபத்துள்ள கட்டடங்கள்' என்ற வகையில், கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வருகின்றன. அங்கே அனுமதி தேவைப்படும் வேலையை அனுமதி கிடைக்கும் முன் தொடங்கவே கூடாது. ஆசாரிக்கு தேதி கொடுக்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

கதவு வாங்கும்போது வெறும் கதவுப் பலகையை வாங்கி, பழைய நிலையில் செதுக்கிப் பொருத்துவதைவிட, கதவும் நிலையும் கீலும் பூட்டும் சேர்ந்து ஒரே செட்டாகத் தொழிற்சாலையில் செய்து வருவதை வாங்குவது நல்லது. செட்டாகச் சோதித்தது செட்டாகவே வரும். விலை கூடத்தான். ஆனா பழைய நிலை கோணலாக இருந்து, கதவின் ஓரத்தை இழைப்புளியால் சீவிச் சீவிப் பொருத்தும் தலைவலி இல்லை. தீ தடுப்புக் கதவில் எவ்வளவு சீவலாம் என்பதற்குத் தயாரிப்பாளர் கணக்கு வைத்திருப்பார். அதற்கு மேல் சீவினால் சான்றிதழ் செல்லாது.

சான்றிதழ் என்றதும் ஒரு விஷயம். தரச்சான்று பெற்ற கதவுகளில் மேல் விளிம்பில் ஒரு லேபிள், அல்லது ஓரத்தில் நிறம் வைத்த சின்ன பிளாஸ்டிக் குமிழ் பதித்திருக்கும். பிரிட்டனில் 'செர்ட்டிஃபயர்', 'கியூ-மார்க்' போன்ற திட்டங்களின் அடையாளம் அது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் தெரியும். அதை ஃபோனில் படம் எடுத்து, பில், மாட்டியவர் கொடுத்த பேப்பர் எல்லாவற்றோடும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, எதிர்ப்பக்கம் இருந்து. 'உங்க கதவுல லேபிள் இல்ல, பட்டை இல்ல, உடனே மாத்தணும்' என்று யாராவது மிரட்டினால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். கட்டடம் கட்டிய காலத்து விதிப்படி செய்த கனமான மரக் கதவுகள் பல இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. சான்றிதழ் இல்லை என்பதற்காகவே அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. கதவு சேதமில்லாமல், நிலையோடு ஒட்டி, தானாக மூடினால், அது போதுமா என்பதைக் கட்டடத்தின் தீ ஆபத்து மதிப்பீடுதான் தீர்மானிக்கும். அதில் உங்கள் கதவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சில இடங்களில் க்ளோசரை மட்டும் மாற்றினாலே போதுமானதாக இருக்கும்.

எல்லோரும் கழற்றுவது எதை?

க்ளோசரை. சந்தேகமே வேண்டாம்.

காரணங்களும் நியாயமானவைதான். குப்பை போட வெளியே வந்தால் கதவு பின்னால் மூடி, சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருபவர் கதவை விட்டால் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அம்மாவால் அந்தக் கனத்த கதவைத் தள்ளவே முடியாது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ரெண்டு நிமிஷம், பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பார்கள். கதவை நல்லதாக வாங்கி க்ளோசரைக் கழற்றி வைப்பதும், திறந்தே வைக்க ஒரு கட்டையைச் சொருகுவதும், விலை உயர்ந்த ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவது மாதிரிதான். தீப்பிடித்த வீட்டை விட்டு ஓடுகிறவர் திரும்பி நின்று கதவைச் சாத்த மாட்டார். அந்த நேரத்தில் கதவே தன்னை மூடிக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் கதவை மூடியே வைக்க வேண்டும், தானாக மூடும் கருவியில் கை வைக்கக் கூடாது, பழுதானால் உடனே சொல்ல வேண்டும் என்ற மூன்றையும் பொது வழியுள்ள எல்லாக் கட்டடங்களிலும் குடியிருப்பவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 முதல் விதி இருக்கிறது. புதிதாகக் குடிவந்ததும் ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை.

கனமான கதவுக்கு மாற்று வழி இருக்கிறது. வேகத்தையும் விசையையும் ஒரு ஸ்க்ரூ திருகிச் சரிசெய்யும் க்ளோசர்கள்தான் பெரும்பாலானவை; 'டமார்' சத்தத்துக்கு அதுவே மருந்து. வயதானவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. சாதாரண நேரத்தில் கதவு சாதாரணக் கதவு மாதிரி லேசாக ஆடும். புகை அலாரம் அடித்தால் மட்டும் பிடித்திழுத்து மூடும். வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

க்ளோசர் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். கதவை முழுசாகத் திறந்து விடுங்கள். அடுத்து, ஒரு கை நுழையும் அளவுக்கு, சுமார் 15 டிகிரி மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் யாரும் தள்ளாமல், பூட்டின் நாக்கு 'க்ளிக்' என்று நிலைக்குள் விழும்வரை கதவு மூட வேண்டும். முக்கால்வாசி வந்து நின்றுவிட்டால் அது பழுது.

கிரில் கேட் போடலாமா?

நம்மவர்களுக்கு இது ரொம்பப் பழக்கம். கதவுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு இருந்தால்தான் தூக்கம் வரும். லண்டன் தீயணைப்புத் துறை இதை எதிர்க்கிறது. உள்ளே இருப்பவர் புகையில் சாவி தேட வேண்டும். வெளியே இருக்கும் தீயணைப்பு வீரர் கம்பியை அறுக்க வேண்டும். இரண்டுக்கும் நேரம் இல்லை. திருட்டு பயம் என்றால், தீச்சோதனையும் பாதுகாப்புச் சோதனையும் தேறிய கதவாகப் பார்த்து வாங்கலாம். பூட்டு உள்பக்கம் சாவி இல்லாமல் கையால் திருகித் திறப்பதாக இருக்கட்டும்.

கதவுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்ட், குழந்தையின் தள்ளுவண்டி, நவராத்திரிக்கு வாங்கிய அட்டைப் பெட்டி எல்லாம் பொது வழியில் வைக்கக் கூடாத பட்டியலில்தான் வரும். மாவிலைத் தோரணத்துக்கு யாரும் சட்டம் போடவில்லை. ஆனா அதற்காக நிலையின் உள் ஓரத்தில், பட்டை ஓடும் இடத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

இங்கே சொன்னது இங்கிலாந்து விதிகள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் விதிகள் வேறு. கட்டடத்தின் பொறுப்பாளர் யார் என்றே தெரியாவிட்டால், பொது நுழைவாயிலில் நிர்வாகக் கம்பெனியின் பெயர் போட்ட அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சார்ஜ் பில்லில் இருக்கும். எழுதிக் கேட்டும் பதில் வராவிட்டால், கதவு விஷயத்தில் புகார் செய்ய வேண்டிய இடம் அந்தப் பகுதியின் தீயணைப்புத் துறை. அவர்கள் வந்து பார்த்து, பொறுப்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம்.